முன்னாடி வந்திருக்கா?

சர்வீஸ் டெஸ்க்கில் போன் அடிக்கும். எதிர்முனையில் இருப்பவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பார். உடனே எங்கள் பையன்கள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "பெஹலே ஆயா தா க்யா?" முன்னாடி வந்திருக்கா?

மும்பையில் இந்தத் தொழிலில் நான் கழித்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். முற்றிலும் புதிதாக வரும் கோளாறு அபூர்வம். பெரும்பாலானவை ஏற்கனவே யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்துச் சரிசெய்தவைதான். அந்த யாரோ இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார், அவர் கண்டுபிடித்தது எங்கே கிடக்கிறது என்று தேடுவதிலேயே எங்கள் வேலையில் பாதி போய்விடும். ஊருக்கெல்லாம் தகவலைச் சேமித்துக் கொடுக்கும் ஐ.டி. டிபார்ட்மென்ட், தான் கற்றதை மட்டும் ஆட்களின் தலையிலும் வாட்ஸாப் குரூப்பிலும் விட்டுவைக்கிறது. இதை மாற்ற முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்தபோது இதற்கு ஐ.டி. என்ற பெயர் இல்லை. இ.டி.பி., அதாவது எலெக்ட்ரானிக் டேட்டா பிராசஸிங் டிபார்ட்மென்ட் என்பார்கள். 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. அதற்கப்புறம்தான் வங்கிக் கிளைகளுக்குள் மெஷின்கள் பரவலாக நுழைந்தன. முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள், பின்னால் கிளை முழுவதையும் நடத்தும் சர்வர்கள். லாமிங்டன் ரோடு கடைகளில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பழகிய தாராவிப் பையன் நான். ஒரு வங்கியின் ஃபோர்ட் ஆபீஸில், ஸ்கோ யூனிக்ஸ் ஓடும் கிளை சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இடம் கிடைத்தது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் மாட்டுங்காக்காரர். மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தலைமுறையே டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்து, ஃபோர்ட் பக்கத்து ஆபீஸ்களில் ஸ்டெனோவாக உட்கார்ந்தது. அவரும் ஸ்டெனோவாகச் சேர்ந்து, மெஷின்கள் வந்தபோது தானாகக் கேட்டு இ.டி.பி.க்கு மாறியவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். சாயங்காலம் வி.டி.யிலிருந்து ஸ்லோ லோக்கலில் சேர்ந்தே வருவோம். அவர் மாட்டுங்காவில் இறங்குவார், எனக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். மஸ்ஜித் தாண்டியதும் அன்று எந்தக் கிளையில் என்ன நின்றது, ஏன் நின்றது என்று ஆரம்பிப்பார். பைக்குல்லாவில் கூட்டம் ஏறி நெருக்கும். தாதரில் பாதி வண்டி இறங்கும். அவர் பேச்சு மட்டும் நிற்காது. நான் படித்த எந்தக் கோர்ஸும் அந்த வண்டி கற்றுத்தந்ததில் கால்வாசி கற்றுத்தரவில்லை.

அவரிடம் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. வங்கியின் சர்வர் ரூமில் வைக்கும் லாக் புக் வேறு. அது ஆடிட்டருக்காக. தேதி, நேரம், யார் உள்ளே வந்தார், கையெழுத்து. இவருடைய சொந்த ரெஜிஸ்டரில்தான் விஷயம் இருந்தது. ஒவ்வொரு கோளாறும், அதைச் சரிசெய்த விதமும், வருட வாரியாக. எல்லாம் பிட்மன் ஷார்ட்ஹேண்டில். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கிளை மானேஜர் சொல்லச் சொல்ல எழுதிய வேகம் அதில் தெரியும். அவர் ரிட்டயர் ஆனபோது ரெஜிஸ்டரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டிபார்ட்மென்ட்டில் ஒருவருக்கும் அதில் ஒரு வரி படிக்கத் தெரியவில்லை.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். அவர் படிப்பார், நான் எழுதிக்கொள்வேன். அங்கேதான் ஒன்று புரிந்தது. ஒரு பக்கத்தில், 'டே எண்டுக்கு முன்னால் ஸ்பூல் ஃபைல்களை அழி' என்று இருந்தது. எங்கள் குழு அதைப் பல வருடமாகச் செய்துவந்தது. "ஏன் சார் அழிக்கணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வட்டி போடற நாள்ல அக்கவுன்ட் அக்கவுன்ட்டா ரிப்போர்ட் பிரின்ட் ஆகும் தம்பி. அப்போ இருந்த டிஸ்க் ரொம்பச் சின்னது. பார்ட்டிஷன் ரொம்பிடும், டே எண்ட் பாதியிலேயே நின்னுடும். அதுக்குத்தான்." பெரிய டிஸ்க் வந்து வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கிளைகளுக்குத் தேவையான ரிப்போர்ட்களையும் சேர்த்து நாங்கள் தினமும் அழித்துக்கொண்டிருந்தோம்.

ரெஜிஸ்டரில் என்ன செய்தோம் என்பது இருந்தது. ஏன் செய்தோம் என்பது அவருக்குள் இருந்தது. மைக்கேல் பொலானி என்ற அறிஞர் 1966இல் எழுதிய புத்தகத்தில், மனிதன் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறான் என்பதையே மையமாக வைத்தார். அதற்கு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: யாராவது உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்டால், அதில் கணிசமான பங்கு சொல்லக்கூடியதாக மாறிவிடும். அன்றிலிருந்து எங்கள் குறிப்புகளில் காரணத்துக்கு என்று ஒரு வரியைக் கட்டாயமாக்கினேன். அந்த வரி காலியாக இருந்தால் குறிப்பு திரும்பிப் போகும்.

வண்டியில் நாங்கள் பேசிக்கொண்டது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்திருந்தேன். ஜூலியன் ஓர் எழுதிய புத்தகம் அந்த எண்ணத்தை மாற்றியது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி மையத்தில் இருந்த மானுடவியலாளர் அவர். நகல் மெஷின் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். கம்பெனி அவர்களுக்குக் கனமான மேனுவல்கள் கொடுத்திருந்தது. அவர்களோ சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் மெஷினைப் புரிந்துகொண்டார்கள். எந்த மெஷின் எப்படி ஏமாற்றியது, கடைசியில் எது பிடிபட்டது என்ற கதைகள். 1996இல் அவருடைய ஆய்வு புத்தகமாக வந்தது.

அதே மையம் அந்தக் கதைகளைச் சேர்த்துவைக்க 'யுரேகா' என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. தொடக்கம் பிரான்சில். பழுதுபார்ப்பவர் தான் கண்ட வழியை எழுதி அனுப்புவார், அனுபவமுள்ள சக தொழிலாளிகள் அதைச் சரிபார்ப்பார்கள், பிறகு எல்லோருக்கும் போகும். எழுதுபவருக்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: குறிப்போடு எங்கள் பெயர் போக வேண்டும். யுரேகா நிலைத்ததற்கு அந்தப் பெயர்தான் முக்கியக் காரணம் என்பது என் துணிபு.

நம் நாட்டில் இதற்கு எதிர்ப்பக்கமான பாடம் ஒன்று உண்டு. இன்ஃபோசிஸ் நிறுவனம் 'கே-ஷாப்' என்ற அறிவுக் களஞ்சியத்தை நடத்தியது. 2001 வாக்கில், அதில் எழுதுபவர்களுக்கும் சரிபார்ப்பவர்களுக்கும் புள்ளிகள் வழங்கியது. அந்தப் புள்ளிகளைப் பொருளாகவோ பணமாகவோ மாற்றிக்கொள்ளலாம். கட்டுரைகள் குவிந்தன. சரிபார்ப்பவர்கள் திணறினார்கள். தரம் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. தேடுபவருக்கு வேண்டியது கிடைப்பது கடினமாயிற்று. நிறுவனம் அதைக் கவனித்துத் திருத்திக்கொண்டது. பணத்தோடு இருந்த முடிச்சை அவிழ்த்து, பயன்படுத்தியவர்களின் மதிப்பீட்டுக்கு இடம் கொடுத்தது. ரகு கருட், அருண் குமாரசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். தன் அனுபவத்தை மறைக்காமல் ஆய்வாளர்களுக்குத் திறந்துகாட்டிய அந்த நிறுவனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இன்றும் எத்தனையோ ஆபீஸ்களில், ஆளுக்கு மாதம் இத்தனை நாலெட்ஜ் ஆர்ட்டிகிள் என்று டார்கெட் வைக்கிறார்கள். மாதக் கடைசி வாரத்தில் 'பாஸ்வேர்ட் ரீசெட் செய்வது எப்படி' என்று அதே குறிப்பு வேறு வேறு தலைப்பில் பத்து வந்து விழும்.

புத்தக வழிமுறைகளுக்குக் குறைவில்லை. பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை 1980களில் தொடங்கிய ஐட்டில் இருக்கிறது. 2007இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு அறிவு மேலாண்மையைத் தனிச் செயல்முறையாகவே வைத்தது. சர்டிஃபிகேட் எடுத்தவர்கள் எல்லா ஃப்ளோரிலும் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட உதவியது, 1992இலிருந்து அமெரிக்க சப்போர்ட் நிறுவனங்கள் சில கூடி வளர்த்த கே.சி.எஸ். என்ற முறை. அது சொல்வது எளிது. வேலை முடிந்தபின் தனியாக உட்கார்ந்து எழுதாதே, டிக்கெட்டைத் தீர்க்கும்போதே எழுது. பயனர் சொன்ன வார்த்தையிலேயே எழுது, ஏனென்றால் அடுத்தவன் அந்த வார்த்தையை வைத்துத்தான் தேடுவான். குறிப்பைப் பயன்படுத்துபவனே அதைத் திருத்தட்டும்.

இதை எங்கள் ஃப்ளோரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது முட்டுக்கட்டையாக நின்றது மொழி. நைட் ஷிப்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாராவி, கோவண்டி, கல்வா பக்கத்துப் பையன்கள். வேலை தெரியும், வாய் திறந்தால் தெளிவாகச் சொல்வார்கள். இங்கிலீஷில் எழுது என்றால் கை நின்றுவிடும். 'இஷ்யூ ரிசால்வ்டு, யூசர் கன்ஃபர்ம்டு' என்று இரண்டு துண்டு போட்டு டிக்கெட்டை மூடிவிடுவார்கள். நான் மேலிடத்தில் சண்டை போட்டு ஓர் அனுமதி வாங்கினேன்: இங்கிலீஷ் எழுத்தில் ஹிந்தியாகவே எழுதலாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டும், இலக்கணம் யாரும் பார்க்கக் கூடாது. அடுத்த வாரமே 'சர்வர் கோ சீதா ரீஸ்டார்ட் மத் கர்னா, பெஹலே க்யூ காலி ஹோனே தோ' என்று ஒரு குறிப்பு வந்தது. சர்வரை நேராக ரீஸ்டார்ட் செய்யாதே, முதலில் க்யூ காலியாகட்டும் என்று அர்த்தம். க்யூவில் நிற்பவை பணப் பரிவர்த்தனைகள். அது காலியாகும் முன் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சில இரண்டு முறை போகும் என்று காரணமும் எழுதியிருந்தான். அந்த ஒரு வரியை அதுவரை எங்கள் எஸ்.ஓ.பி. எதிலும் யாரும் எழுதவில்லை.

இனி, எனக்கு மனம் கொதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பையன்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட் ஆட்கள். சில வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் வரும், வெண்டர் மாறும். போகும் வெண்டர் வரும் வெண்டருக்கு 'கே.டி.', அதாவது நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர், கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். இரண்டு வாரம் மீட்டிங் ரூமில் ஸ்லைடு காட்டுவார்கள். கடைசி நாள் 'கே.டி. கம்ப்ளீட்டட்' என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடும். அப்புறம் என்ன நடக்கும்? புது வெண்டர், அதே பையன்களைத் தன் சம்பளப் பட்டியலில் எடுத்துக்கொள்வான். கழுத்தில் தொங்கும் கார்டு மாறும், ஆள் அதே ஆள். சர்வீஸ் வருடங்கள் மட்டும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அத்தனை கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் உண்மையான அறிவு, ஃப்ளோரிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவனிடம் இருக்கிறது. அவன் பெயர் எந்தக் குறிப்பிலும் இருக்காது. சிஸ்டத்தில் 'வெண்டர் எல்1' என்றுதான் இருக்கும்.

அறிவைக் கைமாற்ற வேறு வழியும் உண்டு. இப்போது செம்பூரில் குடியிருக்கிறேன். ட்ராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் பக்கத்தில்தான். எங்கள் காலனியில் அங்கிருந்து ரிட்டயர் ஆன தமிழர்கள் பலர். அந்த மையம் 1957இலேயே தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டது. சேர்த்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. கற்றுக்கொடுப்பவர்கள், அங்கேயே வேலை பார்க்கும் விஞ்ஞானிகள். கற்றுக்கொடுப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. அணு உலையும் வங்கி சர்வரும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வருடம் எங்கே, இரண்டு வார ஸ்லைடு எங்கே.

கான்ட்ராக்ட் பையனின் குறிப்பு என்ன செய்யும் என்பதற்கு 2005 ஜூலை 26 சாட்சி. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாராவி, இந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். இரண்டு பக்கமும் தண்ணீர். அப்போது நான் இருந்த ஆபீஸ் காம்ப்ளெக்ஸை ஒட்டியது. ரயில் நின்றது, மொபைல் செத்தது, பெரிய எஞ்சினியர்கள் யாரும் எட்டவில்லை. கீழ்த்தளத்தில் யு.பி.எஸ். பேட்டரிகளை நோக்கித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சர்வர் ரூமில் இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஆபரேட்டர், திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை, தாராவி நைன்டி ஃபீட் ரோட்டுக்காரன். கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எந்த வரிசையில் அணைக்க வேண்டும். முதலில் அப்ளிகேஷன், பிறகு டேட்டாபேஸ், அதற்கப்புறம் ஸ்டோரேஜ். வரிசை ஏன் மாறக் கூடாது என்பதும் அடியில் இருந்தது. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது ஸ்டோரேஜ் போனால் கணக்கு பாதியில் அறுந்துபோகும். அவன் அதைப் படித்துப் படித்து, ஒவ்வொன்றாக அணைத்தான். பேட்டரி ஓயும் முன் முடித்துவிட்டான். ஒரு பைட் போகவில்லை.

மறுவாரம் அவனைப் பார்த்தபோது, "அண்ணே, அந்தத் தாளு இல்லன்னா நான் மெயின் சுவிட்ச்ச அமத்திட்டு ஓடியிருப்பேன்லா" என்றான். தாளை எழுதியவனும் அவனைப் போலவே கான்ட்ராக்ட் ஆபரேட்டர்தான். அதற்கு முந்தின வருடமே வேலையை விட்டுப் போயிருந்தான். தாளின் அடியில் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்ததால் யார் என்று தெரிந்தது. தேடிப்பிடித்துப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை.

குறிப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அந்த நாள் பதில் சொன்னது. அந்தத் தாள் ஷேர்டு ஃபோல்டரில் இருந்திருந்தால், அணைக்க வேண்டிய சர்வருக்குள்ளேயே அடங்கியிருக்கும். இது பழைய காலத்துக் கவலை என்று நினைத்தவர்களுக்கு 2024 ஜூலை 19 வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஓர் அப்டேட், நம் நேரப்படி காலை 9:39க்கு வெளியானது. உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் வழி சுலபமானதுதான்: சேஃப் மோடில் ஏற்றி, சி-00000291 என்று தொடங்கும் ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க ரிகவரி கீ வேண்டும். எத்தனையோ நிறுவனங்களில் அந்தக் கீகளை வைத்திருந்த சர்வர்களும் அதே நீலத் திரையில் நின்றுகொண்டிருந்தன. எங்கள் ஆபீஸில் அந்த மென்பொருள் இல்லை. இருந்தாலும் மறுநாளே, எந்தெந்தக் குறிப்பு எந்தெந்த மெஷின் விழுந்தால் நம்மோடு சேர்ந்து விழும் என்று உட்கார்ந்து பார்த்தோம். அவற்றைத் தாளில் அச்சடித்து, கீகளை மட்டும் உறையிட்டு, பூட்டிய அலமாரியில் இரண்டு இடங்களில் வைத்தோம்.

வாட்ஸாப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷிப்ட் குரூப் இல்லாத டீம் இன்று கிடையாது. நடு ராத்திரி ஒருவன் கேட்கிறான், வீட்டிலிருந்து இன்னொருவன் பதில் சொல்கிறான், வேலை முடிகிறது. அந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலைக்குள் அந்தப் பதில், குட் மார்னிங் படங்களுக்கு மேலே எங்கோ போய்விடும். பதில் சொன்னவன் போனை மாற்றினால் அதுவும் போச்சு. எங்கள் ஃப்ளோரில் காலை ஏழு மணி ஹேண்டோவரில் நைட் ஷிப்டுக்காரன் குரூப்பைத் திறந்து, தீர்ந்ததை எல்லாம் டிக்கெட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை ஷிப்ட் நேரத்துக்குள் கணக்கிடவைக்க எனக்கு வருடக்கணக்கில் பிடித்தது.

இப்போது மேலிடத்தில் எல்லோரும் சாட்பாட் பற்றிப் பேசுகிறார்கள். பழைய டிக்கெட்டுகளை எல்லாம் படிக்கவைத்தால் அதுவே பதில் சொல்லும் என்கிறார்கள். நான் எதிரியல்ல. எங்கள் டிக்கெட்டுகளில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தோம். காரணத்தோடு எழுதிய டிக்கெட்டுகளிலிருந்து அது நல்ல பதில் எடுத்துக் கொடுத்தது. 'இஷ்யூ ரிசால்வ்டு' என்று மூடிய ஆயிரக்கணக்கான டிக்கெட்டுகளிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

இதைப் படிப்பவர்களில் டிபார்ட்மென்ட்டை நடத்துபவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த டெண்டர் எழுதும்போது, குறிப்பு எழுதும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். எழுதியவர் எந்தக் கம்பெனிச் சம்பளம் வாங்குகிறார் என்று பார்க்காமல், அவர் பெயரைக் குறிப்பின் அடியில் போடுங்கள். வெண்டர் மாறினாலும் அந்தப் பெயரை அழிக்காதீர்கள்.